வெறும் வயிறும் மீயொலியும்: மயக்கமருந்துக்கு முன் இரைப்பையைப் பார்க்கும் முறையின் வரலாறு

மயக்கமருந்து கொடுப்பதற்கு முன், நோயாளியின் இரைப்பையில் உணவோ நீரோ எஞ்சியிருக்கிறதா என்று மீயொலிக் கருவியால் பார்த்தறிவது இரைப்பை மீயொலிச் சோதனை எனப்படும். மீயொலிக் கருவி என்பது நாம் பேச்சுவழக்கில் ஸ்கேன் என்று சொல்லும் அதே கருவிதான். இதில் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. பழகிய கைக்குச் சில நிமிட வேலை. இந்தச் சோதனை அறுவை அரங்குகளுக்குள் முறையாக நுழைந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி பழையது. "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி. நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்த்தே அதற்கு விடை கண்டார்கள். இரைப்பையையே பார்த்து விடை சொல்லும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நீலகிரி மலையில் இத்தலார் போன்ற ஊர்களில் தேயிலை பறிக்கப் போகிறவரும், கேரட் தோட்டத்துக்குப் போகிறவரும் ஒரு டம்ளர் டீ குடிக்காமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அறுவைக்கு நாள் குறித்ததும் இங்கு எல்லோரும் முதலில் கேட்பது, "டீயாவது குடிக்கலாமா?" என்பதைத்தான். எனவே இந்த வரலாற்றில் தேநீர் எங்கெல்லாம் வருகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்போம். எதிர்பார்ப்பதைவிட அதிகமான இடங்களில் வருகிறது.

புரையேறுவதில் என்ன ஆபத்து?

விழித்திருக்கும்போது ஒரு சோற்றுப்பருக்கை மூச்சுக்குழாய்ப் பக்கம் போனாலும் இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வோம். மயக்கத்தில் இந்தக் காவல் உறங்கிவிடுகிறது. இரைப்பைக்கு மேலே உணவுக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். இரைப்பையில் இருப்பது எதுக்களித்துத் தொண்டைக்கு வந்தால், அங்கிருந்து நுரையீரலுக்குள் இறங்கத் தடை ஏதுமில்லை. கட்டியான உணவு மூச்சுவழியை அடைக்கும். அமிலம் கலந்த நீர் நுரையீரலைப் புண்ணாக்கும்.

இது அடிக்கடி நடப்பதல்ல. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கமருந்து நிகழ்வுகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, முன்கூட்டித் திட்டமிட்ட அறுவைகளில் 3,886க்கு ஒன்று, அவசர அறுவைகளில் 895க்கு ஒன்று என்ற அளவில்தான் இப்படிப் புரையேறியது. ஆனால் நேர்ந்துவிட்டால் கடுமையானது. மயக்கமருந்தின்போது மூச்சுவழிச் சிக்கலால் ஏற்படும் இறப்புகளுக்கு இதுவே முதற்காரணம் என்று பிரிட்டனில் 2011இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கூறியது. அவசர அறுவையில் ஆபத்து நாலு மடங்குக்கு மேல் என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது தேவைப்படும்.

வயிற்றில் ஒரு சாளரம்

உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் நடப்பதை முதன்முதலில் தொடர்ந்து கண்ணால் பார்த்தவர் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822இல் மாக்கினாக் தீவில், தோல் வணிகக் குழுமத்தில் வேலை செய்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர்மேல் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. போமான்ட் அந்தத் துளை வழியாகப் பட்டுநூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே விட்டு, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து, 1833இல் நூலாக வெளியிட்டார். அவருடைய பட்டியலில் வேகவைத்த அரிசிக்கு ஒரு மணி நேரம். வறுத்த பன்றியிறைச்சிக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல். கோபமும் அச்சமும் செரிமானத்தைக் கெடுக்கின்றன என்பதையும் அவர் எழுதி வைத்தார்.

செயின்ட் மார்ட்டின் இதற்கெல்லாம் மனமுவந்து இணங்கினாரா என்பது வேறு கதை. ஏழைத் தொழிலாளியின் உடல் அறிவியலுக்கு எளிதில் கிடைத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும், இரைப்பை எல்லா உணவுக்கும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை என்பது மயக்கமருந்து பிறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதை மறந்ததுதான் வியப்பு.

பிராந்தியா, இதயமா?

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரால் மயக்கம் கொடுத்துக் காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். இரண்டே மாதங்களில் முதல் மரணச் செய்தியும் வந்தது.

1848 ஜனவரி 28. இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகில் வின்லேட்டன் என்ற ஊர். ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. தெளிய வைப்பதற்காக வாயில் தண்ணீரும் பிராந்தியும் ஊற்றினார்கள். அவள் இறந்துபோனாள். குளோரோஃபார்மைக் குறை சொல்ல முடியாது, ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சை அடைத்ததால்தான் இறந்தாள் என்று சிம்ப்சன் வாதிட்டார். ஜான் ஸ்னோ மறுத்தார். குளோரோஃபார்ம் அவளுடைய இதயத்தை நிறுத்திவிட்டது என்பது அவர் கருத்து. லண்டனில் காலரா பரவியபோது தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தவர் என்று நம் பாடநூல்களில் வரும் அதே ஸ்னோதான்.

மயக்கத்தில் வாந்தி வரக் கூடாது என்பதில் ஸ்னோ கவனமாக இருந்தார். காலை உணவுக்கு முன்பு கொடுப்பதே மிகவும் நல்லது. அதற்கு வசதிப்படாவிட்டால் அடுத்த வேளை பசிக்கும் நேரத்தில் கொடுக்கலாம் என்பது அவர் 1858இல் வெளியான நூலில் சொன்ன வழி. அளவுகோலாக அவர் எடுத்துக்கொண்டது பசியைத்தான், நள்ளிரவு மணியை அல்ல.

இனி தேநீர். கிருமிநாசினி முறையால் புகழ்பெற்ற ஜோசப் லிஸ்டர், 1883இல் மயக்கமருந்து பற்றி எழுதும்போது, இரைப்பையில் கட்டியான உணவு இருக்கக் கூடாது, ஆனால் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு கோப்பைத் தேநீரோ இறைச்சிச் சாறோ கொடுப்பது நோயாளிக்கு நல்லது என்றார். கட்டியையும் நீரையும் பிரித்துப் பார்த்த இந்தத் தெளிவு பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது.

இதற்கிடையே மருத்துவ உலகின் கவனம் வேறு திசையில் போனது. குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது இதயத்தையா மூச்சையா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. அந்தச் சண்டையின் முக்கியமான களம் நம் தென்னாட்டில்தான் அமைந்தது. ஐதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவரின் முயற்சியில், நிஜாமின் பணத்தில், 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனை நடத்தின. மூச்சுதான் முதலில் நிற்கிறது, அதைக் கவனித்தால் போதும் என்று அவை முடிவு சொல்லின. குளோரோஃபார்ம் இதயத்தையே தாறுமாறாகத் துடிக்க வைத்துக் கொல்லக்கூடும் என்று 1911இல் லண்டனில் குட்மன் லீவி காட்டிய பிறகு அந்த முடிவு நிற்கவில்லை. லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி உலகின் முதல் பெண் மயக்கமருந்து மருத்துவராகக் கருதப்படுகிறார். ஐதராபாத் முயற்சியில் இன்றும் பெருமையோடு சொல்லத்தக்கது அதுதான். இதயம், மூச்சு என்ற இந்த விவாதத்தில் இரைப்பைக்கு இடம் கிடைக்கவில்லை.

நெய்யூரும் குன்னூரும்

இரைப்பை கடிகாரத்துக்குக் கட்டுப்படாது என்பதைத் தென்னிந்திய மருத்துவர்கள் வேறு வழியில் நன்றாக அறிந்திருந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922, 1924ஆம் ஆண்டுகளில் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், 1923 முதல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டம். அங்கே முன்சிறுகுடல் புண் நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த அனுபவத்தைச் சாமர்வெலும் உடன் பணியாற்றிய ஓரும் 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் கட்டுரையாக எழுதினார்கள்.

அதே காலத்தில் நம் மலையில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மரவள்ளிக் கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் உணவு தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் வந்ததை அவர் கண்டார். அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இந்தப் புண்ணுக்கும் நம் பொருளுக்கும் தொடர்பு உண்டு. புண் ஆறித் தழும்பு சுருங்கும்போது, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாயில் குறுகிவிடுவதுண்டு. அப்படிப்பட்டவர் முந்தாநாள் தின்ற சோற்றை இன்று வாந்தியெடுப்பார். அவரிடம் "எட்டு மணி நேரம் ஆயிற்றா?" என்று கேட்டுப் பயனில்லை. இரண்டு நாள் பட்டினி போட்டாலும் அவர் வயிறு வெறும் வயிறு ஆகாது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவி எடுத்தாக வேண்டும். நாட்பட்ட சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகள் மந்தமாகும்போதும், பிரசவ வலியிலும், விபத்தில் அடிபட்ட வலியிலும், வலி தீர்க்க அபின்வகை மருந்து கொடுத்த பிறகும் இப்படியே இரைப்பை தாமதிக்கும். அடிபட்டவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து அடிபட்டது? அதன்பின் ஓடிய மணிகளை நம்ப முடியாது.

மெண்டல்சன், நள்ளிரவு, ஒரு குரங்கு

நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 1932 முதல் 1945 வரை நடந்த 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 66 தாய்மாருக்கு மயக்கத்தில் இரைப்பையில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. அவர்களில் இருவர் இறந்தனர். இருவருமே கட்டியான உணவு அடைத்து மூச்சுத் திணறி இறந்தவர்கள். அமில நீர் புகுந்தவர்கள் கடுமையாக நோயுற்றுப் பின் தேறினார்கள். முயல்களின் நுரையீரலில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்து, அதே நிலை உண்டாவதை அவர் நிறுவினார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

மெண்டல்சன் சொன்னது பிரசவ வலியில் இருக்கும் பெண்களைப் பற்றி. ஆனால் அவர் எழுப்பிய அச்சம் எல்லா அறுவை அரங்குகளுக்கும் பரவியது. 1961இல் பிரையன் செலிக், மயக்கம் கொடுக்கும் நேரத்தில் தொண்டைக் குருத்தெலும்பை விரலால் அழுத்தி உணவுக்குழாயை மூடும் உத்தியைச் சொன்னார். அந்தப் பத்தாண்டில்தான், கட்டி உணவுக்கும் நீருக்கும் வேறுபாடு காட்டாத "நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் கூடாது" என்ற கட்டளை அமெரிக்கப் பாடநூல்களில் இறுகியது. மருத்துவமனைக்கு அது வசதி. யாருக்கு எப்போது அறுவை என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரே பலகையை எல்லாக் கட்டிலிலும் மாட்டிவிடலாம்.

1974இல் ராபர்ட்ஸ், ஷெர்லி என்ற இருவர் ஓர் எண்ணையும் கொடுத்தார்கள். இரைப்பையில் 25 மில்லிலிட்டருக்கு மேல், அதிக அமிலத்தன்மையோடு நீர் இருந்தால் ஆபத்து என்றார்கள். அந்த எண் ரீசஸ் குரங்கில் செய்த முன்னோட்டச் சோதனையிலிருந்து வந்தது. குரங்கின் நுரையீரலுக்குள் நேராகச் செலுத்திய அளவை, மனித இரைப்பையில் இருக்கக்கூடிய அளவாக மாற்றிக்கொண்டார்கள். இரைப்பையில் உள்ளது முழுவதும் அப்படியே நுரையீரலுக்குள் கொட்டிவிடும் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு செல்லும். அதோடு, நாம் ஒன்றும் உண்ணாவிட்டாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் உமிழ்நீரை விழுங்குகிறோம். இரைப்பையும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் சுரக்கிறது. இரவெல்லாம் பட்டினி கிடந்த நலமான மனிதரின் வயிற்றிலும் 25 மில்லிலிட்டருக்கு மேல் இருப்பது சாதாரணம். கணக்கு வகுப்பில் ஒரு மாணவர் இப்படி அலகை மாற்றிப் போட்டிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்காது. மருத்துவ உலகில் அது பல ஆண்டுகள் விதியாக நின்றது.

இந்த விதியின் சுமையைச் சுமந்தவர்கள் நோயாளிகள். எங்கள் உறவில் ஒரு மூதாட்டி, சர்க்கரை நோயாளி, இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட ராகிக் களியோடு மறுநாள் பிற்பகல் மூன்று மணி வரை ஒரு மருத்துவமனையில் நாக்கு வறண்டு காத்துக் கிடந்தார். இதில் புதுமை ஒன்றுமில்லை. வாசகர்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

நீரைத் திரும்பக் கொடுத்தல்

மறு ஆய்வு 1980களில் தொடங்கியது. 1983இல் மில்லர், விஷார்ட், நிம்மோ மூவரும் சில நோயாளிகளுக்கு அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு ரொட்டித் துண்டும் தேநீரோ காபியோ கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பட்டினி இருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் இரைப்பை நீரில் வேறுபாடு தெரியவில்லை. 1986இல் கனடாவில் மால்ட்பி குழுவினர், அறுவைக்கு இரண்டரை மணி நேரம் முன்பு 150 மில்லிலிட்டர் தண்ணீர் குடித்தவர்களின் வயிற்றில், குடிக்காதவர்களைவிடக் குறைவான நீரே இருந்ததைக் காட்டினார்கள். தண்ணீர் இரைப்பையைத் தூண்டி இருப்பதையும் சேர்த்துக் கீழே அனுப்பிவிடுகிறது.

1999இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் விதியைத் திருத்தி எழுதியது. தெளிந்த நீருக்கு 2 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, பிற பாலுக்கும் எளிய உணவுக்கும் 6 மணி, எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இறைச்சிக்கும் 8 மணி அல்லது மேலும். பாலில்லாத கட்டன் டீ தெளிந்த நீர்தான். லிஸ்டர் சொன்ன அதே இரண்டு மணி நேரத்துக்கு 116 ஆண்டு கழித்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்! இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கமும் 2020இல் தன் வழிகாட்டியை வெளியிட்டது.

இருந்தாலும் இவையெல்லாம் கடிகார விதிகளே. நலமான மனிதருக்குப் பொருந்தும். நெய்யூர் நோயாளிக்கும், அடிபட்டவருக்கும், நாட்பட்ட சர்க்கரை நோயாளிக்கும் பொருந்தா. மேலே கண்ட ஆய்வுகளிலும் இரைப்பை நீரை அளந்தது குழாய் விட்டு உறிஞ்சித்தான். குழாய்க்கு எட்டாதது கணக்கில் வராது.

கொதிகலன் ஆலையிலிருந்து கருவறைக்கு

கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், 1955இல் அருகிலிருந்த ஒரு கொதிகலன் ஆலைக்கு, அறுத்தெடுத்த கட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. அதே கருவி நீர்க்கட்டியையும் சதைக்கட்டியையும் வேறுபடுத்திக் காட்டியது. 1958இல் லான்செட் இதழில் அவர் குழுவின் கட்டுரை வெளிவந்தது. கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் அங்கிருந்து வளர்ந்தது.

இரைப்பை மட்டும் ஸ்கேன் மருத்துவர்களுக்கு வெகுகாலம் தொல்லையாகவே இருந்தது. காற்று மீயொலியைத் தடுத்துவிடும். இரைப்பையில் காற்றும் உணவும் இருந்தால் பின்னால் உள்ள கணையம் மறைந்துபோகும். "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று வயிற்று ஸ்கேனுக்குச் சொல்வது அதனால்தான். மறைக்கும் பொருளையே பார்க்க வேண்டிய பொருளாக மாற்றியவர்கள் 1982இல் பேட்மன், விட்டிங்ஹாம் என்ற இருவர். இரைப்பை காலியாகும் வேகத்தை ஓடும் படமாக மீயொலியில் அளந்தார்கள். அவர்கள் பணியாற்றிய ஊர் நியூகாசில். ஹன்னா கிரீனர் இறந்த வின்லேட்டனுக்குப் பக்கத்து நகரம். 1985இல் இத்தாலியின் போலோன்யாவில் போலோண்டி குழுவினர், இரைப்பையின் கீழ்க்கோடியில் சிறுகுடலை ஒட்டியுள்ள ஆண்ட்ரம் என்ற பகுதியின் பரப்பை அளந்தால் போதும் என்று காட்டினார்கள். 1992இல் அமெரிக்காவில் கார்ப், ஜெயராம், ஸ்டோல் மூவரும் பிரசவத்துக்கு வந்த பெண்களின் இரைப்பையை இப்படிப் பார்த்தார்கள். மயக்கமருந்து மருத்துவர் தானே தன் கையால் செய்யக்கூடிய சோதனையாக இதை ஒழுங்குபடுத்தியது கனடாவின் டொரன்டோவில் அனாஹி பெர்லாஸ், வின்சென்ட் சான் குழு. அவர்களுடைய முதல் கட்டுரை 2009இல் வந்தது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

நோயாளியை முதலில் மல்லாக்கவும், பிறகு வலப்பக்கம் ஒருக்களித்தும் படுக்க வைப்பார்கள். சாய்த்த குடத்தில் தண்ணீர் தாழ்ந்த பக்கம் சேர்வதுபோல, வலப்பக்கம் படுத்தால் இரைப்பையில் உள்ளது ஆண்ட்ரம் பகுதியில் வந்து சேரும். மார்புக் குழிக்குக் கீழே ஜெல் தடவி, வளைந்த முகமுள்ள ப்ரோபை நெடுக்காக வைப்பார்கள். முன்னால் கல்லீரல், பின்னால் கணையமும் பெருந்தமனியும். இடையில் தெரிவது ஆண்ட்ரம்.

வெறும் இரைப்பை சிறிதாகச் சுருங்கி, குறிபார்த்துச் சுடும் பலகையின் வட்டங்கள்போல் தெரியும். தண்ணீர் இருந்தால் விரிந்து, நடுவில் கறுப்பாக இருக்கும். குடித்த உடனே பார்த்தால் காற்றுக்குமிழிகள் விண்மீன்போல் மின்னும். சோறு, ரொட்டி போன்ற உணவு இருந்தால் முதலில் காற்றும் உணவும் கலந்து, உறைந்த கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதுபோல் மங்கலாகத் தெரியும். உணவு தெரிந்தால் அதற்குமேல் அளக்க வேண்டியதே இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது.

நீர் மட்டும் இருந்தால் எவ்வளவு என்று கணக்கிடலாம். பெர்லாஸ் குழுவின் 2013ஆம் ஆண்டு வாய்பாடு இது: வலப்பக்கம் படுத்த நிலையில் ஆண்ட்ரத்தின் குறுக்குப்பரப்பை, சதுர சென்டிமீட்டரில், 14.6ஆல் பெருக்கி, அதோடு 27ஐக் கூட்டி, வயதை 1.28ஆல் பெருக்கி வந்ததைக் கழிக்க வேண்டும். விடை மில்லிலிட்டரில் வரும். 60 வயது, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பரப்பு 5 என்றால், 73ஐயும் 27ஐயும் கூட்டிய 100இலிருந்து 76.8 போக, 23.2 மில்லிலிட்டர். பரப்பு 10 என்றால் 96.2 மில்லிலிட்டர். கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் வரை இயல்பான சுரப்பு என்று கொள்கிறார்கள். இவருக்கு அது 90. ஆகவே முதல் விடை பாதுகாப்பானது, இரண்டாவது எச்சரிக்கை. இந்த வாய்பாடு பெரியவர்களுக்கானது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தாது.

2011இல் இதே குழு, விதிப்படி பட்டினி இருந்து அறுவைக்கு வந்த 200 பேரைச் சோதித்தது. 7 பேரின் இரைப்பையில், எப்படிப் படுக்க வைத்துப் பார்த்தாலும் நீர் தெரிந்தது. கடிகாரம் அந்த ஏழு பேரையும் "வெறும் வயிறு" என்றே சொல்லியிருந்தது.

சோதனையால் அறுவை எப்போதும் நின்றுவிடும் என்று கருத வேண்டாம். பொறுக்கக்கூடிய அறுவை என்றால் தள்ளிவைப்பார்கள். உடனே செய்தாக வேண்டியது என்றால், முழு மயக்கத்துக்குப் பதில் முதுகுத்தண்டில் ஊசி போடலாமா என்று பார்ப்பார்கள். அல்லது முதலில் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்து, மூச்சுக்குழாயில் விரைவாகக் குழாய் பொருத்திக் காப்பார்கள். மறுபுறம், அவசரத்தில் வந்தவரின் இரைப்பை காலியாக இருப்பது தெரிந்தால் வீண் காத்திருப்பு மிஞ்சும்.

பால் டீயின் கதை

மீயொலி வந்த பிறகு தேநீர்க் கேள்வியையும் நேராகக் கேட்க முடிந்தது. லண்டனில் ஹில்யார்ட் குழுவினர் நலமான தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் 300 மில்லிலிட்டர் கட்டன் டீயும், மற்றொரு நாள் 50 மில்லிலிட்டர் பால் கலந்த 300 மில்லிலிட்டர் டீயும் கொடுத்து, ஆண்ட்ரத்தின் பரப்பை அளந்துகொண்டே வந்தார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் இரைப்பையை விட்டுச் சென்றன. 2014இல் வெளியான முடிவு இது. ஐரோப்பிய மயக்கவியல் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டியும், மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை பால் சேர்ந்த தேநீரைத் தெளிந்த நீராகவே கொள்ளலாம் என்றது.

இதைப் படித்துவிட்டு நம் ஊர் டீக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக யாரும் எண்ணக் கூடாது. ஆங்கிலேயர் டீ என்பது வடித்த தேநீரில் ஒரு சொட்டுப் பால் விடுவது. நாம் பாலையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி சேர்த்து, தூளும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சுகிறோம். பால் இரைப்பை அமிலத்தில் திரைந்து கட்டியாகும். நம் டீக்கு ஆறு மணி நேர விதியே பொருந்தும்.

இந்தியாவிலும் மலையிலும்

இந்தியாவில் ஸ்கேன் கருவிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கருவில் இருப்பது பெண் என்று அறிந்து அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. கருவி இருக்கும் இடமும் அதை இயக்குபவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியை விருப்பம்போல் இடம் மாற்றவும் தடை. தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாநிலத்தில் வாழும் நாம் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக, இரைப்பையைப் பார்க்க மட்டும் ஸ்கேன் வேண்டும் என்று ஒரு சிறிய மருத்துவமனையின் மயக்கமருந்து மருத்துவர் கேட்டாலும் அதே பதிவு நடைமுறைகளைக் கடந்தே ஆக வேண்டும்.

மலைக்கு இது தேவைப்படும் இடம் அவசரச் சிகிச்சை. காலையில் டீயும் பன்னும் தின்றுவிட்டுத் தோட்டத்துக்குப் போன பெண்ணைக் காட்டெருமை முட்டிவிடுகிறது. வளைவு வளைவான சாலையில் ஊட்டிக்கோ குன்னூருக்கோ கொண்டுபோகிறார்கள். வலியில் இரைப்பை நின்றுபோயிருக்கும். சாப்பிட்ட நேரத்தைச் சொல்லும் நிலையிலும் அவர் இருக்க மாட்டார். முன்பு சொன்ன 895க்கு ஒன்று என்ற கணக்கு இவரைப் போன்றவர்களைப் பற்றியது.

சர்க்கரைக்கும் எடை குறைப்புக்கும் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூட்டைடு போன்ற புது ஊசிகள் மற்றொரு காரணம். இரைப்பை காலியாவதை மெதுவாக்குவது அவை வேலை செய்யும் வழிகளில் ஒன்று. விதிப்படி பட்டினி இருந்தும் வயிறு நிறைந்திருந்த நோயாளிகளைப் பற்றிய செய்திகள் வந்ததால், அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல் எச்சரிக்கை விடுத்தது; ஐயம் இருந்தால் மீயொலியால் இரைப்பையைப் பார்க்கச் சொன்னது. இந்த ஊசிகள் 2025இல் இந்தியக் கடைகளுக்கும் வந்துவிட்டன. போட்டுக்கொள்கிறவர்கள் அறுவைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எண்டோஸ்கோபிக்குப் போடும் அரைமயக்க ஊசிக்கும் இது பொருந்தும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரியின் கல்லூரியும் ஒன்று. அங்கே படிப்பவர்களில் சிலர் மயக்கவியலுக்குப் போவார்கள். டொரன்டோவில் அர்சோலா குழுவினர் 2013இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு மயக்கமருந்து மருத்துவர் சுமார் 33 பேரின் இரைப்பையைப் பார்த்துப் பழகினால், வெறும் வயிறா, நீரா, உணவா என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லிவிடுவார்.